இருக்க இடம் கொடுத்தோம், இப்போது ‘என் சொத்து’ என்கிறார்: எதிரிடை அனுபவ வாதத்தை எதிர்கொள்ளும் முழுமையான வழிகாட்டி

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்தக் கதை மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும். “சும்மா இருந்துக்கோன்னு விட்டோம் சார். இப்ப 12 வருஷம் ஆயிடுச்சு, வீடு எங்களுதுங்கறாங்க.” சொத்து கைவிட்டுப் போய்விட்டது என்ற முகத்தோடுதான் உட்காருவார்கள். பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் பயத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று காரியம் செய்துவிட்டு வந்திருப்பார்கள்: கோபத்தில் அனுப்பிய ஒரு நோட்டீஸ், ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட ஒரு பூட்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து. வழக்கைவிட இவற்றைச் சரிக்கட்டத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடிக்கும்.

எதிரிடை அனுபவம் என்பது, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், தானே உரிமையாளர்போல் வெளிப்படையாக 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்ததால் சொத்து தனக்கே வந்துவிட்டது என்ற வாதம். கீழே உள்ளது தமிழ்நாட்டில் பட்டா நிலமோ வீடோ வைத்திருக்கும் உரிமையாளருக்கான வழி. வரிசையை மாற்றாதீர்கள். ஆறாவது படியில் வரும் நோட்டீஸை முதலில் அனுப்பிவிட்டு மற்றதைத் தேடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு.

1. அவர் உள்ளே வந்த முதல் நாளைக் கண்டுபிடியுங்கள்

எத்தனை வருஷம் இருந்தார் என்பதை அப்புறம் பார்க்கலாம். எப்படி வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் சொல்லி வந்தாரா, சொல்லாமல் வந்தாரா? சொன்னீர்கள் என்றால் என்ன வார்த்தை சொன்னீர்கள்?

‘இருந்துக்கோ’ என்பதற்கும் ‘எடுத்துக்கோ’ என்பதற்கும் நடுவில்தான் இந்த வழக்குகள் எல்லாம் நிற்கின்றன. ‘இருந்துக்கோ’ என்றால் அது அனுமதி. அந்த அனுமதியின் கீழ் 12 ஆண்டு அல்ல, 40 ஆண்டு இருந்தாலும், இருந்த காரணத்துக்காக மட்டும் அது எதிரிடை அனுபவமாக மாறாது. ‘இந்த இடம் இனி உனக்குத்தான்’ என்று வாயால் கொடுத்திருந்தாலோ, வெள்ளைத் தாளில் கிரயம் எழுதி ஒப்படைத்திருந்தாலோ நிலைமை வேறு. பதிவு செய்யாத அந்தத் தானமோ கிரயமோ சட்டப்படி செல்லாமல் போகலாம். ஆனால் அன்று முதல் அவர் உரிமையாளர் என்ற எண்ணத்தோடு அனுபவித்திருக்கிறார். அந்த அனுபவம் எதிரிடையானதுதான் என்று வாதாட அவருக்கு நல்ல இடம் இருக்கிறது.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். யார் முன்னிலையில் பேசினார்கள், எதற்காக வந்தார்கள், எந்தப் பகுதியைக் கொடுத்தார்கள், சாவி யார் கையில் இருந்தது. தேதி சரியாகத் தெரியாவிட்டால் ஒரு சம்பவத்தோடு சேர்த்து எழுதுங்கள்: ‘பெரிய பையன் ஆறாம் வகுப்பு சேர்ந்த வருஷம்’. பள்ளிச் சான்றிதழிலிருந்து வருஷத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் வந்த ஒரு வழக்கில் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. தம்பி 26 ஆண்டுகளாகப் பின்கட்டில் இருக்கிறார், எழுத்தில் ஒன்றுமில்லை என்றுதான் அண்ணன் சொன்னார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னோம். திருமணப் பத்திரிகைகளுக்கு நடுவில் ஒரு இன்லண்ட் லெட்டர் கிடைத்தது. தம்பி எழுதியதுதான். “பிள்ளைகள் படிப்பு முடிகிற வரை பின்கட்டில் இருந்துகொள்கிறேன், அண்ணி தப்பாக நினைக்க வேண்டாம்.” தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது. அந்த ஒற்றை வரிக்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

2. அவரைச் சட்டம் என்ன பெயரால் அழைக்கும் என்று தீர்மானியுங்கள்

பெயர் மாறினால் நோட்டீஸ், நீதிமன்றம், காலக்கெடு எல்லாமே மாறும். கீழே உள்ளவற்றில் உங்கள் ஆள் எங்கே பொருந்துகிறார் என்று பாருங்கள்.

வாடகை இல்லாமல் இருப்பவர்: சொந்தக்காரர், நண்பர், வேலைக்காரர், காவலுக்கு வைத்தவர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52வது பிரிவில் வரும் அனுமதிதாரர் இவர். காவல்காரரும் பராமரிப்பாளரும் எத்தனை ஆண்டு இருந்தாலும் சொத்தில் உரிமை பெற முடியாது என்று மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் வெளிப்படையாகச் சொன்னது. அங்கேயும் வழக்கு உடன்பிறந்த சகோதரிக்கும் சகோதரருக்கும் நடுவில்தான்.

வாடகைதாரர்: மாதம் 200 ரூபாயாக இருந்தாலும் வாங்கியிருந்தால் அவர் வாடகைதாரர்தான். அவர் உள்ளே வந்தபோது உங்களுக்கு உரிமை இருந்ததை, குடியிருக்கும் வரை அவர் மறுக்க முடியாது. சாட்சியச் சட்டத்தின் 116வது பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 122வது பிரிவு. அனுமதிதாரருக்கும் இதே கட்டுதான். ஆனால் வாடகைதாரரை வெளியேற்ற 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பாதை வேறு என்பதால் இதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘வாடகை மாதிரி ஏதோ கொடுப்பார்’ என்று இழுக்காதீர்கள்.

ஒத்திக்கு இருப்பவர், கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துக் குடிவந்தவர்: இருவருமே உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டு வந்தவர்கள். ஒப்பந்தத்தின் பேரில் பெற்ற சுவாதீனம் (சொத்தைக் கைவசம் வைத்திருப்பது) எதிரிடையானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லியிருக்கிறது.

பங்காளி: பாகம் பிரிக்காத சொத்தில் ஒருவர் இருந்தால் எல்லோருக்காகவும் இருப்பதாகத்தான் சட்டம் கருதும். மற்றவர்களை வெளிப்படையாக ஒதுக்கி, ‘உனக்கு இதில் ஒன்றுமில்லை’ என்று அவர்கள் அறிய மறுத்து, அதன்பின் 12 ஆண்டு கழிந்தால்தான் பேச்சு. இங்கே பரிகாரம் பாகப்பிரிவினை வழக்கு. வெளியேற்றும் வழக்கு போட்டால் தள்ளுபடியாகும்.

அத்துமீறி நுழைந்தவர்: உங்களிடம் கேட்காமலே வேலி போட்டவர். உண்மையான ஆபத்து இவரிடம்தான். இவர் நுழைந்த நாளிலிருந்தே 12 ஆண்டுக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு கிளைக் கதையும் இருக்கிறது. அனுமதியில் வந்தவர், அந்த அனுமதியை நம்பிச் சொந்தச் செலவில் நிரந்தரக் கட்டுமானம் கட்டியிருந்தால், வசதியுரிமைச் சட்டத்தின் 60வது பிரிவைக் காட்டி ‘அனுமதியைத் திரும்பப் பெற முடியாது’ என்பார். இது எதிரிடை அனுபவம் அல்ல, வேறு ஆயுதம். அறை கட்டியது யார், காசு யாருடையது, கட்ட நீங்கள் சரி சொன்னீர்களா என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

3. 12 ஆண்டைச் சரியான இடத்திலிருந்து எண்ணுங்கள்

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65வது கூறு: உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு 12 ஆண்டு. எப்போதிருந்து? பிரதிவாதியின் அனுபவம் உங்களுக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்து. அவர் குடிவந்த நாளிலிருந்து அல்ல. 12 ஆண்டு கடந்துவிட்டால் 27வது பிரிவின்படி உங்கள் உரிமையே அழிந்துவிடும் என்பதால்தான் இந்தத் தேதிக்கு இவ்வளவு சண்டை.

‘கடந்த 12 வருஷத்துக்குள்ள உங்க சுவாதீனத்துல இருந்துச்சுன்னு காட்டணும்’ என்று சிலர் இன்னமும் பயமுறுத்துவார்கள். அது 1908ஆம் ஆண்டின் பழைய சட்டம். இப்போது நீங்கள் உரிமையை நிரூபித்தால் போதும். எதிரிடை அனுபவத்தை நிரூபிக்கும் பாரம் முழுக்க அவர் தலையில்.

அனுமதிதாரர் விஷயத்தில் மூன்று நாட்களைத் தனியாக எழுதி வையுங்கள். ஒன்று, அவர் முதன்முதலாக ‘இது என் சொத்து’ என்று உங்கள் காதுக்கோ கைக்கோ வரும்படி சொன்ன நாள். இரண்டு, நீங்கள் அனுமதியை ரத்து செய்த நாள். மூன்று, அனுமதி பெற்றவர் இறந்த நாள். அனுமதி ஆளோடு போவது. பிள்ளைகளுக்குச் சொத்துபோல் இறங்காது. பிள்ளைகள் தொடர்ந்து இருந்தாலே எதிரிடை ஆகிவிடாதுதான். ஆனாலும் அந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்கு போட்டுவிட்டால் அந்த விவாதத்துக்கே இடமிருக்காது. இந்த மூன்றில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. பட்டா மாற்றினாலும் நிற்காது, சொத்தை வேறொருவருக்கு விற்றாலும் நிற்காது. வழக்கு தாக்கல் செய்தால்தான் நிற்கும். 11 ஆண்டு 9 மாதத்தில் வந்து ‘இன்னொரு நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்போமே’ என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. காகிதங்களைச் சேருங்கள்

உங்கள் உரிமைக்கு: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, உயில் இருந்தால் உயில். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்பட நகல் ஆகியவற்றையும் எடுங்கள். பட்டா மட்டும் உரிமையை நிரூபிக்காது. ஆனால் சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அது வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். தவறான சர்வே எண்ணோடு போட்ட வழக்கில் ஜெயித்தும் வீட்டுக்குள் நுழைய முடியாது.

அனுமதிக்கு: கடிதம், வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ, பணம் கொடுத்த கணக்கு, பழுதுபார்க்க நீங்கள் செலவழித்த ரசீது. அவர் உங்கள் பெயரிலேயே வீட்டு வரி கட்டிய ரசீதுகள் இருந்தால் அவை தங்கம். உரிமையாளர் பெயரில் வரி கட்டியவர், தன்னை உரிமையாளராக நினைத்தேன் என்று சொல்வது கஷ்டம். மின்னணு ஆவணங்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுச் சான்று தேவை. அதனால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள், செய்தியை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிடாதீர்கள்.

மின் இணைப்பும் குடும்ப அட்டையும் அவர் பெயரில் அந்த முகவரிக்கு இருக்கிறது என்று பலர் நடுங்குகிறார்கள். அவை அவர் அங்கே குடியிருந்ததைக் காட்டும். குடியிருந்ததை நீங்களே மறுக்கவில்லையே. ஆனால் பட்டாவையோ வரி விதிப்பையோ தன் பெயருக்கு மாற்ற அவர் மனு கொடுத்தால் உடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். அது பகைமை காட்டும் வெளிப்படையான செயல்; அந்தத் தேதி மூன்றாவது படியில் சொன்ன பட்டியலில் முதலில் ஏறும்.

5. அவர் எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கர்நாடக வக்பு வாரியம் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளை வரிசைப்படுத்தியது: எந்தத் தேதியில் சுவாதீனத்துக்கு வந்தார், எந்த விதமான சுவாதீனம், அது உரிமையாளருக்குத் தெரியுமா, எவ்வளவு காலம் தொடர்ந்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா. ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் வாதம் நொண்டும்.

இதில் முதல் கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் விழுவார்கள். ‘ரொம்ப வருஷமா இருக்கோம்’ என்பது தேதி அல்ல.

இன்னொரு முரண்பாடும் கவனிக்க வேண்டியது. எதிரிடை அனுபவம் கோருபவர், சொத்து இன்னொருவருடையது என்று ஒப்புக்கொண்டுதான் கோர முடியும். ‘இது என் தாத்தா சொத்து, இல்லாவிட்டால் எதிரிடை அனுபவத்தில் எனக்கு வந்தது’ என்று இரண்டையும் எழுதினால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். எதிருரை (வழக்குக்கு அவர் தாக்கல் செய்யும் பதில்) வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது இந்த இரட்டை நாக்கைத்தான்.

6. நோட்டீஸ்: ஒவ்வொரு சொல்லையும் எடை போடுங்கள்

கோபத்தில் எழுதும் நோட்டீஸ் இப்படித்தான் தொடங்கும்: ‘கடந்த 20 ஆண்டுகளாக எனது கட்சிக்காரரின் வீட்டைச் சட்டவிரோதமாக ஆக்கிரமித்து அனுபவித்து வரும் நீங்கள்…’ படிக்க வீரமாக இருக்கும். ஆனால் நீங்களே என்ன ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று பாருங்கள். அவர் அனுமதியில்லாமல் வந்தார், 20 ஆண்டு இருக்கிறார், அது உங்களுக்குத் தெரியும். அவர் நிரூபிக்கத் திணற வேண்டிய மூன்று விஷயங்களை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை விளக்கிச் சமாளிப்பதற்காகவே ஒரு வழக்கில் எங்கள் சீனியர் இரண்டு நாள் குறுக்கு விசாரணையில் நின்றார்.

அனுமதிதாரருக்கு எழுத வேண்டியது இதுபோல: ‘உங்கள் குடும்பச் சூழலைக் கருதி, எனது கட்சிக்காரர் 2009 ஜூன் மாதம் முதல் கீழ்க்கண்ட சொத்தின் பின்கட்டில் வாடகை ஏதும் பெறாமல் உங்களைக் குடியிருக்க அனுமதித்தார். அந்த அனுமதி இந்த நோட்டீஸ் மூலம் ரத்து செய்யப்படுகிறது. இது கிடைத்த 30 நாட்களுக்குள் காலி செய்து சுவாதீனத்தை ஒப்படைக்கவும்.’ அனுமதி, யாருக்கு, எந்தப் பகுதி, எப்போதிருந்து, ரத்து, கெடு. அவ்வளவுதான். திட்டு வேண்டாம், பழைய குடும்பக் கணக்கு வேண்டாம்.

கெடு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி ரத்தானாலும், வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் பெற அனுமதிதாரருக்கு வசதியுரிமைச் சட்டத்தின் 63வது பிரிவு உரிமை தருகிறது. மாத வாடகைக்கு இருப்பவராக இருந்து, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106வது பிரிவுப்படி வாடகையை முடிப்பதானால் 15 நாள் நோட்டீஸ்.

ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்; பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். மூடிய உறையோடு அப்படியே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பதில் நோட்டீஸ் வந்தால் மகிழ்ச்சியாகப் படியுங்கள். ‘உங்கள் அப்பா என்னை இருக்கச் சொன்னார்’ என்று அவரே எழுதியிருப்பார், பல நேரம். உரிமையை மறுத்து எழுதியிருந்தால் அது கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே குறித்துவிடுங்கள். உரிமை விளம்புகை (சொத்து உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) கேட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 58வது கூறின்படி 3 ஆண்டு என்று எதிர்த்தரப்பு வாதிக்கக்கூடும். சுவாதீனமும் சேர்த்துக் கேட்கும்போது 12 ஆண்டு என்று பதில் சொல்லலாம். ஆனால் 3 ஆண்டுக்குள் போட்டுவிட்டால் பதிலே சொல்ல வேண்டாம்.

7. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

நோட்டீஸுக்கும் வழக்குக்கும் நடுவில்தான் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். பூட்டை மாற்றுவது, கரண்ட் ஒயரைப் பிடுங்குவது, அவர் ஊருக்குப் போன நேரத்தில் சாமானை வெளியே வைப்பது.

நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரை உண்மையான உரிமையாளர்கூடச் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பல முறை சொன்னது. பலவந்தமாக வெளியேற்றினால், குறித்த பரிகாரச் சட்டத்தின் 6வது பிரிவின்கீழ் 6 மாதத்துக்குள் அவர் வழக்கு போட்டுத் திரும்ப உள்ளே வரலாம். அந்த வழக்கில் ‘பத்திரம் என்னிடம் இருக்கிறது’ என்று நீங்கள் காட்டியும் பயனில்லை. உரிமை அங்கே கேள்வியே இல்லை.

காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ ‘சமாதானமாக’ எழுதச் சொன்னால், எழுதுமுன் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள். ‘இரு தரப்பும் அவரவர் அனுபவத்தில் உள்ள பகுதியை அனுபவித்துக்கொள்வது’ என்ற ஒரு வரி பல வருஷம் தொந்தரவு கொடுக்கும்.

8. சரியான பரிகாரத்தைக் கேட்டு வழக்கு போடுங்கள்

அனுமதிதாரர் மீது, அனுமதியை ரத்து செய்த உடனே போவதானால், காலி செய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம். சந்த் லால் ஜெயின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, தாமதம் இல்லாமல் வந்தால் என்ற நிபந்தனையோடு. நீதிமன்றக் கட்டணமும் குறைவு. சுவாதீனம் கேட்டால் சந்தை மதிப்பின் மேல் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது 3 சதவீதம்.

கட்டணத்தை மிச்சம் பிடிக்கத்தான் பலர் வெறும் தடையுத்தரவு வழக்காகப் போட்டுவிட்டு வருகிறார்கள். சுவாதீனம் அவர் கையில் இருக்கும்போது ‘என் அனுபவத்துக்கு இடையூறு செய்யக் கூடாது’ என்று கேட்டால் யாருடைய அனுபவம் என்று நீதிபதி கேட்பார். அனதுலா சுதாகர் வழக்கில் 2008இல் சொன்ன அளவுகோல் எளிமையானது: உரிமையில் சிக்கல் இல்லை, சுவாதீனம் மட்டும் போயிருக்கிறது என்றால் சுவாதீன வழக்கு. உரிமையின் மீதே நிழல் விழுந்திருந்தால் விளம்புகையும் சேர வேண்டும். அவர் எதிரிடை அனுபவம் என்று எழுத்தில் சொல்லிவிட்டார் என்றால் நான் பார்த்த வரையில் விளம்புகையும் சுவாதீனமும் சேர்த்துக் கேட்பதே நிம்மதி.

சொத்து விவரத்தில் நான்கு எல்லை, சர்வே எண், அளவு, கதவு எண் எல்லாம் வேண்டும். அவர் பின்கட்டில் மட்டும் இருந்தால் பின்கட்டை மட்டும் வரைபடத்தில் தனியாகக் குறித்து இணையுங்கள். இருந்த காலத்துக்கான நஷ்டஈட்டையும் அதே வழக்கில் கேட்டுவிடுங்கள். வழக்கு நடக்கும்போது அவர் விற்கவோ கட்டவோ முயன்றால் இடைக்காலத் தடைக்கும், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையருக்கும் தனித்தனி மனு.

9. சாட்சிக் கூண்டில்

நீங்கள் சொல்ல வேண்டியது குறைவு. பத்திரம், அனுமதி, ரத்து. ‘எனக்கு ஞாபகமில்லை’ என்று உண்மையில் ஞாபகமில்லாததைச் சொல்லத் தயங்காதீர்கள். தேதியைக் கற்பனை செய்துதான் பலர் மாட்டுகிறார்கள்.

அவரிடம் உங்கள் வக்கீல் கேட்கும் கேள்விகள் சிறியதாக இருக்கும். “முதன்முதலில் சாவியை யார் கொடுத்தார்கள்?” “கூரை ஒழுகியபோது யாரிடம் சொன்னீர்கள்?” “வீட்டு வரி ரசீதில் யார் பெயர்?” “எந்தத் தேதியிலிருந்து உரிமையாளர் என்று சொல்ல ஆரம்பித்தீர்கள்?” சாவியை அண்ணன்தான் கொடுத்தார் என்று வந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த நாளில் அந்த நிலை மாறியது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்த நாள் பெரும்பாலும் உங்கள் நோட்டீஸ் போன நாளாகத்தான் இருக்கும். அப்போது 12 ஆண்டுக்கு எங்கே போவார்?

இந்தக் கேள்விகளுக்கான விவரத்தை நீங்கள்தான் வக்கீலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கூரை ஒழுகியது அவருக்கு எப்படித் தெரியும்?

10. எதிர்ப்பக்கமும் விதிவிலக்கும்

நீங்களே நீண்ட காலம் அனுபவித்து வரும் ஆளாக இருந்து இதைப் படித்தால்: 2019இல் ரவீந்தர் கவுர் கிரெவால் வழக்குக்குப் பிறகு எதிரிடை அனுபவத்தைக் கேடயமாக மட்டும் அல்ல, வாதியாக வந்து வாளாகவும் பயன்படுத்தலாம். ஆனால் ஐந்தாவது படியின் ஐந்து கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான். ஒரு முறை அனுமதியோடு வந்தேன் என்று எங்காவது சொல்லியிருந்தால் அதைத் தாண்டுவது மலையேறுவதுபோல.

அரசு நிலமானால் 12 அல்ல, 30 ஆண்டு. புறம்போக்கில் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905இன்படி வட்டாட்சியர் நோட்டீஸ் கொடுத்தே அகற்றலாம். கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு அறநிலையத் துறைச் சட்டத்தின் 109வது பிரிவு காலவரையறையையே விலக்கிவிட்டது. கோயில் மனையில் மூன்று தலைமுறை இருக்கிறோம் என்று வருபவர்களிடம் எதிரிடை அனுபவம் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

11. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு நகலுக்கு அன்றே மனு போடுங்கள். தானாகக் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு, அமீனா (உத்தரவை நேரில் நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியர்), தேவைப்பட்டால் காவல் பாதுகாப்பு, பூட்டை உடைக்க உத்தரவு. சுவாதீனம் ஒப்படைக்கும் நாளில் அமீனா எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் எல்லைகள் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அன்றே பூட்டை மாற்றி, படம் எடுத்து, மின் இணைப்பையும் வரியையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள்.

அப்புறம் அடுத்த முறை யாரையாவது இருக்கச் சொல்லும்போது ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இந்தச் சொத்து இன்னாருடையது. இந்த அறையில் வாடகையின்றி அவர் அனுமதியின் பேரில் இருக்கிறேன். கேட்கும்போது காலி செய்வேன்’, தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதி வாங்குங்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தால், வக்கீல் கேட்கச் சொன்னார் என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள், பரவாயில்லை. அந்தக் கடிதத்தை மூலப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வையுங்கள், டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளோடு அல்ல.